ஏழு ஒன்றுகள்

கோணிச்சாக்கு சுற்றிய கருங்கல் பலகை அருணகிரியின் மடியில் கிடந்தது. மாமல்லபுரத்துக் கல்பட்டறையில் பாலீஷ் போடுகிற மனுஷன். முதலாளியிடம் கெஞ்சி ஒரு துண்டுக் கல்லை வாங்கி, மகளுக்காகத் தானே கொத்தியிருந்தார்: 1111111. செங்கல்பட்டு காலேஜில் இன்று கணித மன்றத் திறப்பு; அங்கே வைக்கத்தான் இந்தக் கல்.

"எம் பொண்ணு புடிச்ச நம்பரு," என்றார் கண்டக்டரிடம். "எத்தாலயும் வகுக்க முடியாதாம்."

"எங்க வூட்டுக்காரி மாதிரின்னு சொல்லு அண்ணாத்த. அதையும் எத்தாலயும் அசைக்க முடியாது!"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்த மகள் கீர்த்தனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அது பகா எண் என்று மன்றம் தொடங்கக் கூடிய கூட்டத்தில் அடித்துச் சொன்னவள் அவள்தான். புரொபசர் வீட்டுப் பெண் ரக்ஷா, "செக் பண்ணியா, இல்ல எங்கப்பாவக் கேக்கட்டுமா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆயிரத்து ஐம்பத்து நாலு வரைக்கும் இருக்கிற எல்லா பகா எண்ணாலயும் வகுத்துட்டேன். உங்கப்பாவுக்கு வேலை மிச்சம்!" என்று கத்திவிட்டாள். 1054 வரை பார்த்தால் போதும்தான்; ஆனால் அவள் வகுத்தது 199 வரைதான். இத்தனை நேரம் வகுபடாதது இனிமேலா வகுபடப் போகிறது என்கிற திமிர்.

பக்கத்தில் அப்பன் அந்தக் கல்லைக் கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது உறுத்தியது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பேனாவை எடுத்தாள். 211. மீதி வந்தது. 223, 227, 229, 233, எல்லாவற்றிலும் மீதி. 239-இல் மீதி வரவில்லை. மறுபடி போட்டாள். 4649 தடவை, சுத்தமாக. விட்ட இடத்திலிருந்து ஆறாவது எண். ஆறே ஆறு!

"நைனா..."

"ஞாபகம் கீதும்மா. காலேஜ் கேட்டாண்ட கல்லக் குடுத்துட்டுப் போயிடறேன். உள்ளார வரல."

நேற்று அவளே சொன்னதுதான். ரக்ஷாவின் அப்பா முன்னால் கல்தூசி அப்பிய இந்த வேட்டி வேண்டாம் என்று.

"தப்பாயிடுச்சு நைனா. இது வகுபடுது."

அவர் சாக்கின்மேல் உள்ளங்கையை வைத்தார். "இன்னொரு கோடு சேத்துடட்டா?"

"எட்டு ஒண்ணுன்னா பதினொண்ணுல வகுபடும். ஒம்போதுன்னா மூணுல. உளி கீதா?"

"பைல கீது."

"கீழ எடம் விட்டிருக்க இல்ல? 239 பெருக்கல் 4649-ன்னு போடு. அங்கியே உக்காந்து போடு. உள்ள வா."

கடைசி ரெண்டு வார்த்தையை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

காலேஜ் போர்ட்டிகோவில் உளிச்சத்தம் கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது. ரக்ஷா முன்னால் வந்தாள். "ஏய், ஆயிரம் வரைக்கும் பாத்தேன்னியே?"

கணக்குத் தப்பிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். அப்பனிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"பாக்கல. எரநூறுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். பொய் சொன்னேன்."

உளிச்சத்தம் நின்றது. அருணகிரி நிமிர்ந்து பார்க்கவில்லை. தூசியை வாயால் ஊதினார். பிறகு ரெண்டுக்குப் பக்கத்தில் மூன்றைக் கொத்த ஆரம்பித்தார், முன்னைவிட மெதுவாக.

அத்தனை பேர் முன்னாலும் அவர் ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.