பற்றாத கூரை

தங்கச்செல்வி பரளச்சிக்குப் பக்கத்து ஊரில் பால்வாடி டீச்சர். தொண்ணூற்றொன்றாம் வருஷம் மாசியில் அருப்புக்கோட்டைக்குத் தீத்தடுப்புப் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. ஊரில் முக்கால்வாசி பனையோலைக் கூரை. ஒன்றையொன்று உரசி நிற்கிற வீடுகள். டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் தெருவே சாம்பலாகிவிடும்.

தெருமுனையில் தொட்டி வைத்து நிரப்பலாம் என்றாள்.

"குடிக்கவே தண்ணி இல்ல. தீக்கு எடுத்து வைக்கச் சொல்றியே தாயி," என்றார்கள்.

அதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தண்ணீரில்லாமல் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எரிகிற வீட்டுக்கு அடுத்த கூரையை முந்திப் பிரித்துப் போட்டுவிட்டால் தீ தாண்டாது. அதற்கு இரும்புக் கொக்கி மாட்டிய நீளக் கழிகள் செய்துவைத்துப் பழகுவோம் என்று கூட்டம் போட்டாள். வந்தது ஆறு பெண்கள். அதிலும் பாதிப்பேர் சத்துமாவு கிடைக்குமென்று வந்தவர்கள். அவள் புருஷனின் சித்தப்பா உக்கிரபாண்டி வேலியோரம் நின்று, "தீ எப்ப வரும்னு காத்துக் கெடக்கா. வாயில நல்ல வாக்கே வராதா?" என்றார். இருந்தாலும் அந்த ஆறு பேரும் பழகினார்கள்.

சித்திரையில் ஒரு மத்தியானம் நாகஜோதி வீட்டு அடுப்படியில் தீப்பிடித்தது. நல்ல மேல்காற்று; தீ கிழக்கே சாய்ந்தது. ஆண்கள் பெரும்பாலும் விறகைக் கரியாக்கும் மூட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். கிழக்கே அடுத்த வீடு உக்கிரபாண்டியுடையது. கழிகளோடு ஓடிவந்த பெண்களை அவர் வாசலில் மறித்தார்.

"பத்தாத கூரைய எதுக்குப் பிரிக்கீக?"

"பத்துன பெறகு பிரிக்க முடியாது மாமா. ஒதுங்குங்க," என்றாள் தங்கச்செல்வி.

அவர் ஒதுங்கவில்லை. ஆறு பேரில் ஒருத்தியான அழகுத்தாய் அவர் கையைப் பிடித்து இழுத்து அப்பால் நிறுத்தினாள். கொக்கிகள் ஏறின. ஓலையும் வரிச்சுக் கம்புகளும் சரிந்து விழ, தெருவோடு இழுத்துப் போய்ப் போட்டார்கள். பறந்து வந்த பொறிகளின் மேல் மண்ணை அள்ளி வீசினார்கள். நாகஜோதி வீட்டில் சுவர் மட்டும் மிஞ்சியது. தீ அதற்கப்பால் நகரவில்லை. வண்டி வந்தபோது புகைதான் இருந்தது.

மறுநாள் ஊர்க்கூட்டத்தில் உக்கிரபாண்டி எழுந்து, "என் வீட்டத் தீ எரிக்கல. இவதான் பிரிச்சா," என்றார்.

மளிகைக்கடை பொன்னுச்சாமி தொண்டையைச் செருமினார். "பிரிச்சவுகளே கூரைய மேஞ்சு குடுக்கறதுதான் மொறை."

"அண்ணாச்சி, அவுக வீட்டுக்கு அடுத்தது ஒங்க வீடு," என்றாள் அழகுத்தாய்.

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

தங்கச்செல்வி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கூரை தப்பித்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் திமிர் பிடித்தவள் என்பார்கள்.

"மேஞ்சு தாரேன்," என்றாள். "ஆனா நாளைக்கே இன்னொரு வீடு பத்துனாலும் பக்கத்துக் கூரையப் பிரிப்பேன். அது யாரு கூரையா இருந்தாலும்."

அவள் எழுந்து நடந்தாள். அழகுத்தாய் பின்னாலேயே வந்து, "ஓலைக்கு எப்பப் போகணும்?" என்று கேட்டாள்.

அந்த ஆறு பெண்களும் ஓலை சுமந்து வந்தார்கள்; தங்கச்செல்வியின் புருஷன் வீரபாண்டி மேலே ஏறிக் கூரை வேய்ந்தான். உச்சிவெயிலில் வேலை நடந்தது. பக்கத்தில் தன் வீட்டு நிழலில் பொன்னுச்சாமி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். குடிக்க ஒரு செம்பு மோர்கூட அங்கிருந்து வரவில்லை.