ஆறு பெஞ்சுகளின் பதில்

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு ஷெரினுக்குக் குரல் திரும்பவே இல்லை. குரல் இல்லாமல் மூன்றாம் வகுப்பை எப்படி மேய்ப்பது? திங்கட்கிழமை ஒரு பாடம் எடுத்துக் காட்டட்டும், முடியாவிட்டால் ஆபீஸ் வேலைதான் என்று தலைமையாசிரியை சிஸ்டர் சொல்லிவிட்டார். கரும்பலகையில் எழுதலாமே என்பீர்கள். எழுத முதுகைத் திருப்பினால் போதும், அந்தக் கூட்டம் கூரையைப் பிய்த்துவிடும்.

அவள் புருஷன் ஜினோ சமயநல்லூரில் கடைகளுக்கு டிஜிட்டல் போர்டு செய்பவன். விடுவானா? பெஞ்சுக்கு ஒன்றாக ஆறு சின்னத் திரைகள் செய்தான். ஷெரின் போனில் தட்டுவது எழுத்தாகவும் படமாகவும் அவற்றில் தெரியும். போனும் திரையும் எப்படிப் பேசிக்கொள்வது என்ற புரோட்டோகாலையும் அவனே வகுத்தான். செய்தி துண்டு துண்டாகப் போகும்; ஒவ்வொரு துண்டு போனதும் ஆறு திரைகளும் ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்ப வேண்டும். அப்புறம்தான் அடுத்த துண்டு.

வீட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு யானைப் படம் வந்து சேர்வதற்குள் டீ ஆறிப்போனது. ஒரு திரை பதில் சொல்லாவிட்டால் மற்ற ஐந்தும் தேமே என்று நின்றன.

“பதில் கேக்காம அனுப்புனா பறக்கும். ஆனா எது பாதியில விட்டுப்போச்சுன்னு யாருக்குத் தெரியும்?” ஜினோ தலையில் கைவைத்து உட்கார்ந்தான். இவளை ஆபீஸ் மூலையில் உட்கார வைத்துவிடுவார்களே!

ஷெரின் போனில் தட்டி நீட்டினாள். “நான் சொல்றதப் பிள்ளைங்க திருப்பிச் சொல்லும்ங்க. அதான் பதிலு. எந்த பெஞ்சு வாயத் தொறக்கலையோ, அதுக்கு மட்டும் மறுபடி அனுப்புறேன்.”

“அடிப்பாவி!” என்றான் ஜினோ. பதில் கேட்கும் விதியை அப்படியே தூக்கி எறிந்தான். பெஞ்சுக்கு ஒன்றாகப் போனில் ஆறு பொத்தான்கள் வைத்தான்.

திங்கட்கிழமை வராந்தாவில் நின்று நகம் கடித்தான். முதல் வரி போனது. “யானைக்குத் தும்பிக்கை உண்டு!” என்று ஐந்து பெஞ்சுகள் கத்தின. கடைசி பெஞ்சுத் திரையில் பாதி வரிதான் வந்திருந்தது. பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். ஷெரின் ஒரு பொத்தானைத் தட்டினாள். அவர்களும் கத்தினார்கள்.

இதற்குள் முகேஷ் பக்கத்துப் பையனைக் கிள்ளினான். ஷெரின் தட்டினாள். “முகேஷ், கைய வச்சுக்கிட்டு சும்மா இரு!” என்று வகுப்பே அதட்டியது. முகேஷும் சேர்ந்துதான் அதட்டினான். ஷெரின் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

ஆபீஸிலிருந்து சிஸ்டர் வேகமாக வந்தார். “என்ன ஜினோ, ஷெரின் டீச்சர் கிளாஸ் சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேக்குது? கொஞ்சம் மெதுவா நடத்தச் சொல்லுங்க!”

ஜினோ சரியென்று தலையை ஆட்டினான். அப்படியே திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.