வலது வளைவில் உதறிய கார்

காரை விற்பதென்று முடிவு செய்தவள் என் மகள் எழிலரசி. ஓட்டத் தெரியாத அம்மாவுக்கு எதற்குக் கார் என்று பெங்களூரிலிருந்து கேட்டாள். கேள்வி நியாயம்தான். அவள் அப்பா போய் எட்டு மாதமாகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து அணைப்பார். மற்றபடி அந்த வெள்ளைக் கார் வேங்கிக்கால் வீட்டு வாசலில் சும்மாதான் நிற்கிறது. ஆனாலும் எனக்கு விற்க மனசில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியமும் இல்லை.

வாங்க வந்தவர் கீழ்பென்னாத்தூர் வேடியப்பன், நெல் வியாபாரி. கூடவே கோபி என்று ஒரு மெக்கானிக். எந்த வண்டியையும் ஒருமுறை மலையைச் சுற்றிவிட்டுத்தான் வேடியப்பன் வாங்குவாராம். என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். என் காரில் நான் பின்சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

கிரிவலப் பாதையில் மலை எப்போதும் வலது கைப் பக்கம். சுற்றி முடிக்கிறவரை வண்டி பெரும்பாலும் வலது பக்கமே வளையும். அடி அண்ணாமலை தாண்டி ஒரு வளைவில் கார் உதறியது. அடுத்த வளைவில் இருமி, உதறி, நின்றே போனது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெட்ரோல் கம்மி. முள் பாதி டேங்க் காட்டும். பத்து வருடமாக அங்கேயேதான் நிற்கிறது. என் வீட்டுக்காரர் மணிவேல் அதைச் சரி செய்யவே இல்லை. பெட்ரோல் குறைந்துவிட்டால் வலது வளைவில் இருக்கிற கொஞ்சமும் இடது பக்கம் ஒதுங்கிவிடும். டேங்கின் வலது பக்கம் இருக்கிற பம்புக்குக் காற்றுதான் கிடைக்கும். உதறல் தொடங்கியதும் அவர், "சரசு, கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கோ. பெட்ரோலும் இந்தப் பக்கம் வரும்" என்பார். நானும் அவர் தோளில் சாய்வேன். என் கனத்துக்கு டேங்க் சாயாது என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. புரிந்த பிறகும் சாய்ந்தேன். அவர் ஏன் முள்ளைச் சரி செய்யவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

கோபி பானெட்டைத் திறந்தான். ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தான், வயரையெல்லாம் அசைத்துப் பார்த்தான், கடைசியில் இன்ஜினே போய்விட்டது என்றான். வேடியப்பனின் முகம் சுருங்கியது. இன்னும் இரண்டு நிமிஷம் நான் சும்மா இருந்தால் கார் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

கோபி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஓட்டினவரு ஒரு நாளும் இத்த ஒழுங்கா பாத்துக்கலங்க. போட்டு சாவடிச்சிருக்காரு."

காலையில் காபி குடிக்கும் முன் அந்தக் காரைத் துடைத்தவர் அவர். ஆயில் மாற்ற வேண்டிய நாளை மறந்ததில்லை. என் பிறந்த நாளைத்தான் மறப்பார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்ஜினுக்கு ஒண்ணும் இல்லப்பா. பெட்ரோல்தான் இல்ல. அந்த முள்ளு பொய் சொல்லுது. வண்டியத் திருப்பி, வந்த வழியே ஓட்டிப் பாரு, உதறாது" என்றேன்.

மலையை இடது பக்கம் வைத்துப் போக வேடியப்பன் தயங்கினார். கோபி நாலைந்து தரம் சாவியைத் திருகி, ஸ்டார்ட் ஆனதும் திருப்பிவிட்டான். அதே இரண்டு வளைவுகளிலும் கார் சத்தம் காட்டாமல் போனது. அப்படியே பெட்ரோல் பங்குக்குப் போய் டேங்கை நிரப்பினார்கள். மறுபடி முழுச் சுற்றும் சுற்றினோம். ஓரிடத்திலும் உதறவில்லை.

"நல்லா வெச்சிருந்திருக்காருங்க" என்றான் கோபி. எனக்கு அது போதும் என்று நினைத்தேன். போதவில்லை. விலை படிந்ததும் சாவியைக் கோபியிடம் வாங்கி, நானே வேடியப்பன் கையில் கொடுத்தேன்.

வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். என் வாசலில் இறங்கி, அந்தக் கார் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. ஆட்டோ பிடித்தேன்.

போகிற வழியில் ஒரு வலது வளைவு வந்தது. என்னை அறியாமல் சாய்ந்தேன். ஆட்டோ கம்பி தோளில் இடித்தது.