பிரெஞ்சில் நாவூறு படாது

ஓகஸ்ட் பிறந்தால் எங்கள் ஆட்களுக்கு விசர் பிடித்துவிடும். கொலேஜ் ஃபுட்போல் தொடங்க இன்னும் சில கிழமைகள் கிடக்க, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில் எங்கள் சனம் கூடிவாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில், பத்திநாதரின் தெப்பனர் என்கிற மூலைக்கடையில் கப் யாருக்கு என்பது முடிவாகிவிட்டது. இது காலால் உதைக்கும் ஆட்டம் அல்ல. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவன் மோதி விழுத்துகிற ஆட்டம். என் மகன் வினோஜன் றெனார் அணியில் சேர்ந்த பிறகுதான் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியும். இப்போது எல்லோரும் நிபுணர்கள். சட்டம் இன்னும் விளங்காது, அபிப்பிராயத்துக்கு மட்டும் குறைவில்லை.

"மகேந்திரண்ணை, போன முறை பைனலிலை மயிரிழையிலை போச்சு. இந்த முறை உங்கடை பெடியன் குறுக்கை நிக்கேக்கை ஆர் தாண்டப்போறான்? கப் எங்களுக்குத்தான்!" என்றார் பத்திநாதர்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. மறைப்பானேன்? ஆனால் பக்கத்தில் நின்ற என் மனைவி புஷ்பவதியின் முகம் கறுத்துவிட்டது.

"வாயை வையாதேங்கோ. நாவூறு பட்டாப் பிள்ளை விழுந்து எழும்பமாட்டான். அவனுக்கு என்ன தெரியும்? சும்மா உடம்பை வளர்த்து வைச்சிருக்கிறான்."

அவள் எப்போதும் இப்படித்தான். யாராவது மகனைப் புகழ்ந்தால், அந்தப் புகழ்ச்சியே திருஷ்டியாகப் பட்டுவிடும் என்று பயந்து, உடனே ஒரு குறையைச் சொல்லி அதைக் கழுவிவிட வேண்டும். குழந்தையில் அவனைக் "கொழுகொழு எண்டு இருக்கிறான்" என்றவர்களிடம், "ராத்திரி முழுக்க வயித்தாலை போனது" என்று கூசாமல் சொன்னவள். எங்கள் சனத்துக்கு இது பழக்கம். சிரித்துவிட்டுப் போவார்கள்.

கோச்சுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அங்கேதான் வந்தது வினை.

ஆட்டங்கள் தொடங்கமுதல் பெற்றோரையும் ரசிகர்களையும் கூப்பிட்டுச் சோளம் அவித்துக் கொடுப்பார்கள். மைதானத்தில் ஒரே திருவிழாதான். முகத்தில் அணியின் செம்மஞ்சள் நிறத்தைப் பூசிய கிழவர்கள்கூட, இந்த வருடம் ஒரு ஆட்டமும் தோற்கமாட்டோம் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோச் சில்வான் சோளப்பொத்தியும் கையுமாக எங்களிடம் வந்தார்.

"மதாம், இந்த வருடம் உங்கள் மகன்தான் எங்கள் கோட்டை. அவனைப் போல ஒருவனை நான் கண்டதில்லை."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். இத்தனை வாயா என்று புஷ்பவதிக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் கார்டெறியில் சின்னப்பிள்ளைகளைப் பராமரிக்கிறவள். பிரெஞ்சு என்னைவிட நன்றாகப் பேசுவாள். "அவனா மிஸ்யே? படி ஏறினாலே மூச்சு வாங்கும். இரண்டு முழங்காலும் நோகிறது என்று இரவெல்லாம் முனகுவான்" என்று அளந்தாள். நான் முழங்கையால் இடித்துப் பார்த்தேன். நிறுத்தவில்லை. கோச் சோளம் கடிப்பதை விட்டுவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் பயிற்சியால் வந்த வினோஜன் பையைச் சுவரோடு எறிந்தான். முதல் ஆட்டத்தில் அவனுக்கு இடமில்லை.

"டொக்டர் பார்த்திட்டு முழங்காலிலை ஒண்டுமில்லை எண்டிட்டார். கோச் நம்பிறாரில்லை. விளையாடுறவன் நோவை மறைப்பான், பெத்த தாய் ஏன் பொய் சொல்லப்போறா எண்டு கேக்கிறார். அம்மா, முதல் மட்ச் பார்த்துத் தங்கடை டீமுக்கு ஆள் எடுக்க யூனிவேர்சிட்டி ஆக்கள் வருகினம். நான் அண்டைக்கு ஆடாட்டி என்னை ஆர் எடுக்கப்போறான்?" அவன் தாய்க்கு நேரே வந்து நின்றான். "உங்களுக்கு நான் ஒண்டுக்கும் உதவாதவனோ?"

புஷ்பவதி அவன் எறிந்த பையை எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைத்தாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது; பாவமாகவும் இருந்தது.

அடுத்த நாள் காலையில் மூவரும் கோச்சின் அறைக்குப் போனோம். மகன் வாசலிலேயே நின்றுகொண்டான். அவனுக்கு ஒரு நோவும் இல்லை என்றாள் புஷ்பவதி. அப்படியானால் ஏன் சொன்னீர்கள் என்று கோச் கேட்டார். அவள் நாவூறைப் பிரெஞ்சில் விளக்கப் பார்த்தாள். நாக்கு என்றாள், கண் என்றாள், எரிச்சல் என்றாள். கோச் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மதாம், நேரே சொல்லுங்கள். உங்கள் மகன் எப்படி விளையாடுவான்?"

அவன் பிறந்த நாள் முதல் அவள் வாயால் வராத மறுமொழி அது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"நன்றாக விளையாடுவான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மிகவும் நன்றாக" என்றாள். பிறகு மடை திறந்துவிட்டது. பைனலில் யார் யாரை எப்படி விழுத்தினான், பனிக்குள்ளும் விடிய எழும்பி எப்படி ஓடுவான், கால் முறிந்த கூட்டாளியை எப்படித் தோளில் சுமந்து வந்தான், எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். ஆட்டம் முழுக்க இவள் தலையைக் குனிந்து தேவாரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். "உங்கள் லீக்கிலேயே என் பிள்ளையைப் போல ஒருவன் இல்லை" என்று முடித்தபோது மேசையில் ஒரு அடியும் விழுந்தது.

கோச் சிரித்துக்கொண்டே எழுந்து கைகொடுத்தார். மகனுக்கு இடம் திரும்பக் கிடைத்தது.

"பிரெஞ்சிலை சொன்னா நாவூறு படாது" என்று தனக்குத்தானே ஆறுதல் சொன்னபடி காரடிக்கு வந்தாள் புஷ்பவதி. வினோஜன் கார்க்கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றான்.

"அம்மா, அதைத் தமிழிலை ஒருக்காச் சொல்லுங்கோ."

"எதையடா?"

"அங்கை சொன்னதை."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்து, மெல்லிய குரலில், "நீ கெட்டிக்காரன் ராசா. உன்னை நினைக்க எனக்குச் சரியான பெருமை" என்றாள்.

ஆட்களை மோதி விழுத்துகிற என் மகன் குனிந்து தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"நாவூறு பட்டாப் படட்டும் அம்மா," என்றான். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."