ஓரகத்தியின் கண்ணீர்

கதிரவன் மேலைக்குன்றுகளின்மீது செம்பஞ்சுக் குழம்பைச் சிந்திச் சாய, எல்லைப்புறத்துப் பீரங்கிகள் உறுமி அடங்க, கூரைகள்தோறும் அடுப்புப்புகை நூலெனத் திரிந்தெழும் அந்தி வேளையில், கோவில்மணி ஒலித்து ஊராரை மன்றாட்டுக்கு அழைத்தது. போர் மூண்ட நாள்முதல் ஆயர் வகுத்த நோன்பு அது: ஒவ்வொருவரும் பகைவர் ஒருவரை மனத்தில் தேர்ந்து, இயேசுவின் சிலுவைமுன் முழந்தாளிட்டு, அவர் நலத்துக்காக நாள்தோறும் மன்றாடல் வேண்டும்.

கணவன்மாரான அண்ணனும் தம்பியும் போர்முனைக்குச் சென்றுவிட, ஒரே அடுக்களையில் உலைவைத்து வாழ்ந்த ஓரகத்தியர் இருவருள் மூத்தவள், எதிலும் முந்திநிற்கும் இயல்பினள் ஆதலின், பகைநாட்டுப் படைத்தலைவரையே தேர்ந்துகொண்டாள். எவனோ ஒரு கடைநிலை வீரனுக்கு மன்றாடுவது அவள் தகுதிக்கு இழுக்கன்றோ! ஆயினும், நல்லீர், எத்துணை முயன்றும் அப்பெருந்தலைவருக்காக அவள் கண்ணில் ஒரு துளியும் கசியவில்லை. பக்கத்தில் இளையவளோ கார்கால ஓடையெனப் பெருக்கெடுத்து, விம்மி விம்மி முன்றானை நனைத்தாள்.

"பெரியவ முட்டி போடுறா, சின்னவ உருகுறா" என்றனர் பெண்டிர். ஞாயிறுதோறும் மன்றாட்டை முன்னின்று நடத்தும் பேறு இளையவளுக்கே போகுமென்ற பேச்சும் எழ, அதுவரை அப்பேற்றுக்கு உரியவளான மூத்தவளின் வயிறு விறகின்றியே எரிந்தது. வெங்காயம் முடிந்திருக்கிறாளோ என்று, துவைக்கும் சாக்கில் அம்முன்றானையை மோந்தும் பார்த்தாள். கண்ணீரின் உப்பேயன்றி வேறு மணமில்லை.

பொறுக்கமாட்டாமல் இளையவளை அடுக்களையில் மடக்கினாள்.

"ஏன்டி, அந்த எதிரி உனக்கு மாமனா மச்சானா? யாருக்காக இப்படி ஊத்துற?"

"வேணாங்க்கா, கேக்காதீங்க."

"சொல்லுடி! நான் தலைவருக்கே வேண்டுறேன், எனக்கே வரல."

இளையவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "எதிரின்னு ஆயர் சொன்னதும் எனக்கு உங்க முகந்தாங்க்கா வந்துச்சு."

மூத்தவள் வெகுண்டு வாயெடுக்குமுன் இளையவளே தொடர்ந்தாள்.

"உங்கமேல புகார் சொல்லத்தான் முட்டி போட்டேன். அப்புறம், உங்க வீட்டுக்காரரும் முனையிலதானே இருக்காரு, இவங்க யார்கிட்டயும் அழுததே இல்லையேன்னு தோணுச்சு. அதுலேருந்து நிக்கல."

நாள்தோறும் தான் அழுக்காறு கொண்ட கண்ணீரெல்லாம் தன் பொருட்டே சொரிந்தது என்றறிந்த மூத்தவள், பானைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவ்வளவுமா எனக்கு?"

"அவ்வளவும்."

மறுநாள் அந்தியில் பகைப்படைத்தலைவர் இறைவன் பொறுப்பில் விடப்பட்டார். அடுக்களையிலேயே அண்மைப் பகையொன்றைத் தேர்ந்த மூத்தவளுக்குக் கண்மூடுமுன்னரே நீர் திரண்டது. ஞாயிறன்று அவளே இளையவளைக் கைபிடித்து முன்னே நிறுத்தினாள். "சத்தமா சொல்லுடி, பின்னாடி கேக்கணும்" என்று கூறாதிருக்க மட்டும் அவளால் இயலவில்லை.

எல்லையில் பீரங்கிகள் உறுமிக்கொண்டேயிருந்தன. எனினும், ஓர் அடுக்களையளவேனும் அன்று உலகில் போர் சுருங்கிற்று.