வெளியில் ஓடாத வீடியோ

“அந்த முக்கோணத்த அமுக்குக்கா. நடுவுல வெள்ளையா ஒண்ணு இருக்கும் பாரு.”

“முக்கோணமே இல்லடி. பெட்டி கறுப்பாத்தான் இருக்கு.”

மூன்று வாரமாக இதே பேச்சு. பல்கலைக்கழகத்தில் இயன்முறை மருத்துவம் கற்பிக்கும் தங்கை, சாப்பிடத் திறந்த டப்பாவை அப்படியே மூடினாள். அத்தானுக்குப் பக்கவாதம் வந்து இடது கைகால் விழுந்து நான்கு மாதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். எப்படிப் புரட்டுவதென்று அவளே செய்துகாட்டிய பாடம் பல்கலைக்கழகத்தின் வீடியோ தளத்தில் இருந்தது. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் இணையதளத்தில் அதைப் பகிர்ந்திருந்தாள். அவள் கணினியில் திறந்தால் அங்கே வீடியோ கணீரென்று ஓடியது. அக்கா திறந்தால் ஊமை. “உனக்கு எதையுமே ஒழுங்காப் பாக்கத் தெரியாதுக்கா” என்று போனை வைத்தாள். வைத்த பிறகு, எதற்கும் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

மாடியேறி வீடியோப் பிரிவுக்குப் போனாள். அங்கிருந்தவர் கழுத்தில் ஹெட்போனோடு, அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவளுடைய மடிக்கணினியை வாங்கி பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து வெளியேறினார். அதே பக்கத்தை மறுபடி திறந்தார். கறுப்புப் பெட்டி. முக்கோணம் இல்லை.

“நீங்க எப்பவும் உள்ள நுழைஞ்சே இருக்கீங்க மேடம். அதான் உங்களுக்கு ஓடுது. வெளியாளுக்கு ஓடாது.”

“அப்ப பகிர்னு ஒரு பொத்தான் எதுக்கு வச்சிருக்கீங்க?”

“உள்ளுக்குள்ள பகிர்றதுக்கு. வெளித்தளம்னா அந்த முகவரிய அனுமதிப் பட்டியல்ல சேக்கணும். படிவம் இருக்கு, துறைத்தலைவர் கையெழுத்து போடணும். அவரு திங்கக்கிழமைதான் வர்றாரு.”

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனிதர் காரணமில்லை என்று தெரிந்தும், அவர் மேல்தான் அது பாய்ந்தது. ஊருக்கே பயன்படட்டும் என்று எடுத்த பாடத்தைப் பூட்டிவைத்துக் காவல் காக்கிறீர்களா என்று கத்தினாள். அவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்து, அவள் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கத்திக் களைத்த பிறகுதான் உறைத்தது. மூன்று வாரமாக அக்கா உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். அங்கேயே நின்று அக்காவை வீடியோ அழைப்பில் கூப்பிட்டாள்.

அக்கா போனைச் சுவரில் சாய்த்துவைத்தாள். கட்டிலில் மல்லாந்து கிடந்த அத்தானின் இடது தோள் வீங்கியிருந்தது.

“எப்படிப் புரட்டுற?”

“கையப் பிடிச்சு இழுப்பேன். வேற எப்படி?”

விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. வீடியோவில் முதல் நிமிடத்தில் அவள் சொன்னது அதைத்தான்.

“சார், கொஞ்சம் கீழ படுங்க.”

“நானா?”

“வேற யாரு இருக்கா இங்க?”

அவர் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு தரையில் நீட்டிப் படுத்தார். “இத மட்டும் ரெக்கார்ட் பண்ணிராதீங்க மேடம். அதுக்கும் படிவம் உண்டு.” சிரிக்கும் நிலையில் அவள் இல்லை. போனைத் தரையில் நாற்காலிக் காலோடு சாய்த்துவிட்டு மண்டியிட்டாள்.

“பாருக்கா. நல்ல கையால அந்தக் கையப் பிடிச்சுக்கச் சொல்லு. ரெண்டு முட்டியையும் மடக்கு. தோள்பட்டைக்குப் பின்னாடி ஒரு கை, இடுப்புல ஒரு கை. இழுக்காத. உருட்டு.”

வீடியோப் பிரிவுக்காரர் பக்கவாட்டில் உருண்டார்.

“அக்கா... நீ சரியாத்தான் பாத்திருக்க. இங்கதான் பூட்டி—”

“பேசாதடி. பிடிச்சிருக்கேன்ல.”

திரையில் அக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது. வியர்வையில் ஒட்டிய ரவிக்கை, கலைந்த கொண்டை. கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு அந்த முதுகு மெல்ல விலக, அத்தானின் முகம் பக்கவாட்டில் திரும்பி வந்து திரையை நிறைத்தது. அவருடைய வாயின் ஒரு பாதி அசைந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்க, இங்கே இருவரும் தரையோடு தரையாகப் போனருகே குனிந்தார்கள்.