ஆர்லிஸ் மேபரி சொன்ன பொய்

ஆர்லிஸ் மேபரியின் பாட்டு எங்கள் வீட்டில் கேட்கக் கூடாது. ரேடியோவில் வந்துவிட்டால் அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து குமிழைத் திருகுவாள். போன அக்டோபருக்குப் பிறகு அந்த வேலையும் இல்லாமல் போனது. மெம்பிஸிலிருந்து லிட்டில் ராக் வரை எந்த நிலையமும் அவனுடைய ரெக்கார்டைப் போடவில்லை. போடாவிட்டால் என்ன, எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. பருத்தி வரிசையில் களைக்கொத்து இறங்கும் சத்தம் அவனுடைய இடது கை. தகரக் கூரையில் மழை விழுந்தால் அது வலது கை.

எங்கள் சபைப் பியானோவில்தான் அவன் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்டான் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஏழு வயதில், கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்து, ஒரு தடவை கேட்ட பாட்டை அப்படியே திருப்பி வாசித்தானாம். பத்தொன்பது வயதில் அதே பாட்டை மெம்பிஸுக்குக் கொண்டுபோனான். அதே தாளம், அதே அலறல். ஆண்டவர் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பாடினான், அவ்வளவுதான். அதற்கு ராக் அண்ட் ரோல் என்று பெயர் வைத்தார்கள். பதிமூன்று மாநிலங்களில் பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்கள்.

கூடவே பேரும் கெட்டது. பூட்ஸ் காலால் பியானோ மூடியை உடைத்தான் என்றார்கள். கொட்டகைக்காரனை அறைந்தான், குடித்துவிட்டு மேடையிலேயே தூங்கினான் என்றார்கள். பாதியாவது உண்மையாக இருக்கும்.

அவனைத்தான் என் அக்கா ரூபி நெல் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தாள். அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பழைய மரப்பாலத்திலிருந்து அவனுடைய கார் ஓடைக்குள் விழுந்தது. அவன் பிழைத்தான். அக்காவை அவனேதான் இழுத்துக் கரையில் போட்டிருக்கிறான். அப்போது அவளுக்கு உயிர் இல்லை.

காரை ஓட்டியது ரூபி நெல் என்று அவன் போலீஸிடம் சொன்னான். ஊர் அதைத்தான் மன்னிக்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டிக் கொன்றதைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பார்கள். "செத்தவளால திரும்பிப் பேச முடியாதுன்னு அவ தலையில கட்டறான் பாரு" என்றார்கள். எங்கள் அக்காவுக்கு மாமாவின் டிராக்டரைத் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும்.

அவன் சொன்னது உண்மை. நான் பார்த்தேன்.

கொடியில் காய்ந்த போர்வைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் கார் வாசலில் வந்து நின்றது. நன்றாகக் குடித்திருந்தான், கண் பாதி மூடியிருந்தது. அக்கா சுற்றிப்போய் அவன் பக்கக் கதவைத் திறந்து, இடுப்பால் இடித்து அவனை நகர்த்திவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கார் கோணலாகப் புறப்பட்டுப் போனது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு திக்கும். அதனால்தான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எழுந்து நின்று படி என்று டீச்சர் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவேன், பின்னால் சிரிப்பார்கள். ஆனால் சொல்லாமல் இருந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. அடக்கம் முடிந்த அன்று அம்மா, "என் பொண்ணு ஒரு பாவமும் அறியாமப் போயிட்டா, அது போதும் எனக்கு" என்றாள். அதற்குமேல் நான் என்ன சொல்வது?

எட்டு மாதம் கழித்து, ஜூன் மாதம், களை வெட்டிக்கொண்டிருந்தபோது வரிசையின் முனையில் ஆர்லிஸ் வந்து நின்றான். பட்டுச் சட்டை கசங்கியிருந்தது. இளைத்திருந்தான்.

"என்ன கொழுந்தியா, இன்னும் ஊர்க் களையெல்லாம் உன் தலையிலதானா?"

நான் கொத்தை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை சபைக்கு வர்றேன். பாஸ்டர் ஹாப்கிட்ட பேசிட்டேன். எல்லார் முன்னாடியும் பாவ அறிக்கை பண்ணினா சேத்துக்கறேன்னுட்டார்."

"எ... எ... என்ன பாவம்?"

"நான்தான் ஓட்டினேன்னு."

அவன் குனிந்து ஒரு பருத்திச் செடியின் இலையைக் கிள்ளினான்.

"நீ பாத்தேன்னு எனக்குத் தெரியும். போர்வைக்குக் கீழ உன் ரெண்டு காலும் தெரிஞ்சுது. நீ வாயைத் திறக்காததுல எனக்குக் கோபமில்ல, சத்தியமா. இனியும் திறக்காதே. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"ஜெ... ஜெயில்ல போட்டுடுவாங்க."

"போடட்டும். லீட்டா, நான் எங்க வாசிச்சாலும் அவ முதல் வரிசையில உக்காந்திருக்கா. தலை ஈரமா இருக்கு. கை தட்டறதில்ல. டெக்சாஸ்ல ஒரு கொட்டகையில மொத்தமே ஒன்பது பேரு. அங்கயும் வந்தா. எட்டு மாசமா உண்மையைச் சொல்லிப் பாத்துட்டேன், போக மாட்டேங்கறா. பொய் சொல்லிப் பாக்கறேன்."

கிள்ளிய இலையைக் கீழே போட்டுவிட்டு, "முழுப் பொய்யும் இல்ல. வேகமா போன்னு நான்தான் கத்தினேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே சபைக்குள் அடுப்புபோல் கொதித்தது. எல்லார் கையிலும் அட்டை விசிறி. கடைசி பெஞ்சில் எங்கள் ஊர்ப் போலீஸ்காரர், டெபுடி ஷெரிப் கிராம், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர் மனைவி மட்டும்தான் வருவாள். ஏன் வந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆர்லிஸ் உள்ளே வந்ததும் எனக்குப் பின்னால் இருந்த சிஸ்டர் பியூலா, "அவன் தலையில இருக்கற எண்ணெயில நாலு மீனு பொரிக்கலாம்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் விசிறியால் வாயை மூடிக்கொண்டாள்.

எங்கள் சபையில் விலகிப்போனவனைத் திரும்பச் சேர்க்க ஒரு முறை உண்டு. அவன் முன்னால் நின்று தன் பாவத்தைச் சொல்ல வேண்டும். பிறகு சபையார் வரிசையாகப் போய் ஒவ்வொருவரும் அவனுக்கு வலது கை கொடுப்பார்கள். ஒரு கை வராவிட்டாலும் அவன் வெளியே போக வேண்டியதுதான். பாவமே செய்யவில்லை என்று நிற்பவனைச் சேர்க்க எங்களிடம் எந்த முறையும் இல்லை.

"பேசறதுக்கு முன்னாடி ஒரு பாட்டு வாசிக்கட்டுமா, பிரதர்?" என்று கேட்டான் ஆர்லிஸ். பாஸ்டர் தயங்கித் தலையசைத்தார்.

அவன் மெதுவாகத்தான் ஆரம்பித்தான், கட்டைகளை எழுப்பாமல் தடவிக்கொடுப்பதுபோல. பிறகு இடது கை நடக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டில் அடக்கி வைத்த தாளம், எட்டு மாதமாகப் பருத்திக் காட்டில் எனக்கு மட்டும் கேட்ட தாளம். நடுவில் ஒரு தடவை தலையை நிமிர்த்தி முதல் பெஞ்சைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை, ஆனாலும் கை ஒரு நொடி தடுமாறியது. பிறகு வலது கை மேலே ஏறிப் போனது. சிஸ்டர் பியூலாதான் முதலில் எழுந்தாள். விசிறி ஒரு பக்கம் பறந்தது. "ஸ்தோத்திரம்!" என்று யாரோ கத்தினார்கள். கிழவர்கள் குதித்தார்கள். அம்மா, எட்டு மாதமாகப் பாடாத என் அம்மா, இரண்டு கையையும் உயர்த்தி, ஆவி இறங்கியவர்களுக்கு மட்டும் வரும் அந்நிய பாஷையில் பேச ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. என் குதிகால் தானாகவே தரையைத் தட்டியது.

அவன் நடுவிலேயே நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"ரூபி நெல்லை நான்தான் கொன்னேன். நான்தான் ஓட்டினேன். போலீஸ்கிட்ட பொய் சொன்னேன்" என்றான்.

"ஆமென்!" என்று சபை முழங்கியது. அந்தச் சத்தத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. கை கொடுக்கும் பாட்டைப் பாடிக்கொண்டு எல்லாரும் வரிசையில் வந்தார்கள். எட்டு மாதம் அவனைப் பார்த்தால் துப்பியவர்கள் அவன் கழுத்தைக் கட்டி அழுதார்கள். இவ்வளவு நல்லா வாசிக்கறவனை ஆண்டவர் கைவிடுவாரா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கடைசியில் நானும் எனக்குப் பின்னால் அம்மாவும் மிச்சமிருந்தோம்.

அவன் கையை நீட்டினான். கண்ணாலேயே "வேண்டாம்" என்றான்.

நான் கை கொடுக்கவில்லை. வாயைத் திறந்தேன். "ரூ... ரூ... ரூ..." கண்ணை மூடிக்கொண்டேன், அப்போதுதான் கொஞ்சமாவது வரும். "ஓ... ஓ... ஓட்... ட்... ட்..." உடம்பெல்லாம் உதறியது.

"அல்லேலூயா!" என்று பாஸ்டர் கூவினார். "இந்தப் பொண்ணு மேலயும் பரிசுத்த ஆவி இறங்கிட்டாரு!"

இரண்டு வருடமாக அவர்கள் எனக்காக ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். பதினாறு வயதாகியும் அந்நிய பாஷை வராத பெண் சபையில் நான் ஒருத்திதான். இப்போது வந்துவிட்டது என்று கூட்டமே என்னைச் சூழ்ந்துகொண்டது. என் தலையில் எத்தனை கைகள்! நான் திக்கத் திக்க அவர்கள் கத்தினார்கள், அவர்கள் கத்தக் கத்த எனக்குத் திக்கியது.

அம்மா எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து என்னை இறுக்கி அணைத்தாள். வாயை என் காதோடு வைத்தாள்.

"எனக்குத் தெரியும்டீ. அன்னிக்கு நானும் ஜன்னல்ல நின்னேன். வாயை மூடு."

பிறகு அவனிடம் திரும்பி வலது கையைக் கொடுத்தாள். யாரோ என் கையையும் பிடித்து அவன் கைக்குள் வைத்தார்கள். ஐஸ் மாதிரி இருந்தது அவன் கை.

வெளியே வெயிலில் டெபுடி தன் காரில் சாய்ந்து காத்திருந்தார். கடைசி ஆமென் வரைக்கும் உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளியே வந்திருந்தார், அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆர்லிஸ் தானாகவே அவரிடம் நடந்து போனான். நான் படியில் நின்றேன். அம்மா என் பாவாடையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள். நான் இறங்கினேன், துணி கிழிகிற சத்தம் கேட்டது.

"என்னம்மா?" என்றார் டெபுடி.

"ரூ... ரூ..."

"இப்போ பேசறது யாரு? ஆவியா, நீயா?"

"நா... நான்."

"அப்ப நிதானமா சொல்லு. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

அவர் உண்மையாகவே காத்திருந்தார். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. கூட்டம் முழுக்கச் சத்தம் அடங்கி நின்றது. "ரூபி நெல்தான் ஓட்டினா. நான் பாத்தேன். இவர் குடிச்சிருந்தார்" என்று சொல்லி முடித்தபோது என் கழுத்து வலித்தது.

டெபுடி என் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். "சிஸ்டர் வினோனா, நீங்க என்ன சொல்றீங்க?"

அம்மா படியில் அசையாமல் நின்றாள். கையில் என் பாவாடையின் கிழிசல் இருந்தது. கடைசியாக, "இவ பொய் சொல்லி நான் பாத்ததில்ல" என்றாள்.

டெபுடி தொப்பியைப் போட்டுக்கொண்டார். "எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

பாஸ்டரின் முகம் சிவந்துவிட்டது. ஆண்டவர் சந்நிதியில் பொய் சொன்னவனுக்குக் கொடுத்த கையைச் சபை திரும்ப எடுத்துக்கொள்கிறது என்றார். சிஸ்டர் பியூலா எல்லாருக்கும் கேட்கும்படி, "மூத்தவளை முழுங்கினான். இப்ப இளையவளையும் மயக்கிட்டான். பாத்தீங்களா, எப்படிப் பரிஞ்சு பேசறா!" என்றாள். அன்றிலிருந்து ஊரில் அதுதான் பேச்சு. அவனைக் காப்பாற்றப் போய் அவன் பேரில் இன்னொரு கறையை நானே ஏற்றினேன்.

ஆர்லிஸ் என் பக்கத்தில் வந்தான். கோபமாகக்கூட இல்லை.

"ஜெயிலுக்குள்ள அவ வந்திருக்க மாட்டான்னு நெனச்சேன், கொழுந்தியா. இப்ப நான் அவளை எங்க விடுவேன்?"

அவன் தன் காருக்குப் போனான். கதவைத் திறந்து, யாரோ உள்ளே நகர்ந்து இடம்விடக் காத்திருப்பவன்போல ஒரு நொடி நின்றான். பிறகு ஏறிக்கொண்டான். இப்போது எங்கெங்கோ சின்னச் சின்னக் கொட்டகைகளில் வாசிக்கிறான் என்கிறார்கள். முதல் வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விடச் சொல்கிறானாம். அதையும் திமிர் என்றுதான் பத்திரிகையில் எழுதுகிறார்கள்.

அம்மா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுவாள், துணி துவைப்பாள், கிழிந்த பாவாடையைக்கூடத் தைத்துக் கட்டிலில் வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. ஜூலையில் ஒரு மத்தியானம் இருவரும் பின்வாசலில் உட்கார்ந்து ஊதாத் தோல் பயறு உரித்துக்கொண்டிருந்தோம். விரலெல்லாம் ஊதாவாகியிருந்தது. அம்மா தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு ஜன்னல் மூடியிருந்துச்சு. கார்ல ஏறி உக்காந்துட்டு உன்னைப் பாத்து என்னமோ சொன்னாளே. என்ன சொன்னா?"

நான் கையிலிருந்த தோலைக் கீழே போட்டேன்.

"'நீ... நீயும் வாடீ'ன்னா."

அம்மாவின் விரல்கள் கிண்ணத்துக்குள்ளேயே நின்றன. சோளக்காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் போகல?"

"வெட்கமா இருந்துச்சும்மா" என்றேன். அது மட்டும் திக்காமல் வந்தது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தாள். மடியிலிருந்த கிண்ணம் சாய்ந்து பயறு முழுவதும் தரையில் உருண்டது. நிறுத்த முடியாமல் போனபோது ஊதா விரல்களால் முகத்தை மூடிக்கொண்டாள்.